கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு: பழைய வெள்ளக் கணக்கு உங்கள் வயலுக்கு என்ன சொல்கிறது?

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. 2025 டிசம்பரோடு 2015 வெள்ளத்துக்குப் பத்து ஆண்டு. இந்தப் பத்து ஆண்டில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரம் 2020-ல் நிவர் புயல், 2021 நவம்பர் மழை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று திரும்பத் திரும்ப நீரில் மூழ்கி எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் "இதுவரை காணாத மழை" என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் கணக்கு எடுக்க வேண்டியதில்லை. காணாததற்கு எப்படித் தயாராவது?

ஆனால் கண்டிருக்கிறோம். 2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பெய்தது 1,049 மில்லிமீட்டர். 1918 நவம்பரில் பெய்தது 1,088 மில்லிமீட்டர். அதாவது நம் தாத்தா காலத்தில் இதைவிட அதிகமாகவே பெய்திருக்கிறது. 1943-ல் கூவம் கரை மீறியது. 1976 நவம்பர் 25-ல் ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 45 சென்டிமீட்டர் கொட்டி, அடையாறு பெருகியது. 1985 நவம்பர், 1996 ஜூன், 2005 அக்டோபர் கடைசி வாரம் என்று பட்டியல் நீளும். இந்தக் கணக்கைச் சரியாகப் படித்தால், உங்கள் வயலில் எந்த மாதம், எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் ஏறும் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். அதை வைத்துத்தான் எந்த நிலத்தில் சம்பா போடுவது, எந்த நிலத்தை நவரைக்கு விடுவது, குத்தகைக்கு எவ்வளவு பேசுவது, மோட்டாரை எந்த உயரத்தில் வைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வெள்ளக் கணக்கில் முதல் வேலை இது. நம் வட்டாரத்தில் மூன்று ஆறுகள் இருக்கின்றன. மூன்றும் தனித்தனி ஆறுகள் என்று நினைத்தால் கணக்கு தவறிவிடும்.

கொசஸ்தலையாறு காவேரிப்பாக்கம் ஏரியின் உபரி நீரில் தொடங்கி, பூண்டி, தாமரைப்பாக்கம், காரனோடை, வல்லூர் வழியாக எண்ணூரில் கடலில் சேர்கிறது. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் அந்தத் தண்ணீர் பள்ளிப்பட்டு வழியாக இதில்தான் வந்து சேரும். நடுவில் கேசாவரம் அணைக்கட்டில் இதன் நீரில் ஒரு பகுதி கூவத்துக்குப் பிரிகிறது. அந்தக் கூவம் மணவாளநகர், அரண்வாயல், பருத்திப்பட்டு, திருவேற்காடு, நொளம்பூர் என்று வருகிறது. வரும் வழியில் கொரட்டூர் அணைக்கட்டில் ஒரு பங்கு, புது பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. (இது அம்பத்தூர் பக்கத்துக் கொரட்டூர் இல்லை, திருநின்றவூர் பக்கம் உள்ள ஜமீன் கொரட்டூர். செய்தியில் "கொரட்டூர்" என்று கேட்டதும் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.) செம்பரம்பாக்கம் நிரம்பினால் அதன் உபரி அடையாற்றில் இறங்குகிறது.

ஆகவே எங்கோ மேற்கே பெய்த மழை மூன்று ஆறுகளில் எதில் வேண்டுமானாலும் வந்து சேரலாம். எந்த அணைக்கட்டில் எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கினார்கள் என்பதுதான் அதை முடிவு செய்கிறது. அம்பத்தூர் பக்கமோ வேறு கதை. அங்கே ஆற்றைவிட ஏரித் தொடர்தான் முக்கியம். அம்பத்தூர் ஏரி நிரம்பி கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பி ரெட்டேரிக்கு என்று கலங்கல் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. நடுவில் போக்குக்கால்வாய் அடைபட்டால் தண்ணீருக்குத் தெரிந்த ஒரே வழி, தாழ்ந்த இடம்.

எனவே ஒரு வெள்ளத்தைப் பற்றி எழுதி வைக்கும்போது, அது எந்த வகை என்று முதலில் எழுத வேண்டும். நம் தலைமேல் பெய்த மழை வடியாமல் நின்றதா? மேலே உள்ள ஏரி உடைந்தோ கலங்கல் பாய்ந்தோ வந்ததா? ஆறு கரை மீறி வந்ததா? அணை திறந்து வந்ததா? 2015-ல் அடையாற்றுப் பக்கம் நடந்தது பெரும்பாலும் பின்னவை. 2023 மிக்ஜாமில் ஆவடி, அம்பத்தூர் பக்கம் நடந்தது பெரும்பாலும் முதலாவது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். இரண்டையும் "வெள்ளம்" என்ற ஒரே சொல்லில் போட்டுக் கூட்டினால் வரும் எண் எதற்கும் உதவாது. ஆற்று வெள்ளத்துக்குச் சில மணி நேரமாவது முன்னறிவிப்பு கிடைக்கும். தலைமேல் பெய்வதற்கு அதுவும் கிடைக்காது.

2015: எல்லோரும் பார்த்த மதகு, யாரும் அளக்காத ஏரிகள்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் அங்கே பெய்தது 47 சென்டிமீட்டர். தாம்பரத்தில் 49. அன்று ஏரியிலிருந்து அதிகபட்சமாக வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அது வினாடிக்கு 8.2 லட்சம் லிட்டர். அந்த வேகத்தில் விட்டால் நிரம்பிய ஏரியே ஏறக்குறைய 35 மணி நேரத்தில் காலியாகிவிடும். 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய கணக்குத் தணிக்கை அறிக்கை, ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் குறை சொன்னது.

அந்தக் குறை நியாயமானதுதான். அதற்குப் பிறகு நடைமுறையும் மாறியிருக்கிறது. 2020 நவம்பர் 25-ல் நிவர் புயலின்போது 24 அடி நிரம்பும் வரை காத்திருக்காமல், 22 அடியை எட்டியதும் 1,000 கன அடியில் தொடங்கிப் படிப்படியாகத் திறந்தார்கள். ஆனால் பத்து ஆண்டாக நாம் அந்த ஒரு மதகைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று அடையாற்றில் ஓடிய தண்ணீர் முழுவதும் செம்பரம்பாக்கத்திலிருந்து வந்ததில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்துச் சிறு ஏரிகள் எல்லாம் நவம்பர் மழையிலேயே நிரம்பியிருந்தன. டிசம்பர் 1-ல் விழுந்த ஒவ்வொரு சொட்டும் கலங்கல் தாண்டி நேராக ஆற்றுக்குப் போனது. அந்தக் கலங்கல்களுக்கு ஷட்டர் கிடையாது, அளவுகோல் கிடையாது, இரவு எத்தனை அடி பாய்ந்தது என்று குறித்துவைக்க ஆளும் கிடையாது. செம்பரம்பாக்கத்துக்கு மணிக்கு மணி கணக்கு இருக்கிறது. சிறு ஏரிக்கு இருப்பது ஊர்க்காரர் ஞாபகம் மட்டும்தான்.

இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. பெரிய ஆய்வு நிறுவனங்கள் எவ்வளவு நல்ல கணினி மாதிரி செய்தாலும், சிறு ஏரியின் கீழே தண்ணீர் எங்கே வரை ஏறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஒரு எண் வேண்டும். அந்த எண் உங்கள் பம்புசெட் கொட்டகைச் சுவரில் சேற்றுக் கோடாக இருக்கிறது. அடுத்த வெள்ளையடிப்பில் அது போய்விடும்.

பழைய கணக்கை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனி ஒரு பாடம். 2021 ஜூலையில் அங்கே ஆர் என்ற சிற்றாறு பெருகி, அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களிடம் வெள்ள அபாய வரைபடம் இருந்தது. ஆனால் அது 1940-களுக்குப் பிறகு வைத்த அளவுகோலின் கணக்கை மட்டும் வைத்து வரைந்தது. அதே ஆற்றில் 1804-லும் 1910-லும் வந்த பெருவெள்ளங்கள் ஊர் ஆவணங்களில் இருந்தும் கணக்கில் சேரவில்லை. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே இப்படி என்றால், 1918-ஐயும் 1943-ஐயும் நாம் மறந்தது பெரிய ஆச்சரியமில்லை.

பழைய கணக்கு எங்கே கிடைக்கும்?

மழைக் கணக்கு வானிலை ஆய்வு மையத்திடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கிறது. ஒரு நாள் மழை என்பது காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. செய்தித்தாளில் தேதியைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தைச் சென்னைக் குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் தினமும் போடுகிறது. அதில் போன ஆண்டு இதே நாள் எவ்வளவு இருந்தது என்றும் இருக்கும்.

ஏரிகளின் கணக்கு நீர்வளத் துறையிடம் இருக்கிறது. உங்கள் ஊர் ஏரியின் கலங்கல் எந்தெந்த ஆண்டில் பாய்ந்தது, கரை எப்போது உடைந்தது, எங்கே அடைத்தார்கள் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டம், செம்பரம்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டம். தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் இன்னொரு நல்ல சாட்சி. எந்தப் பசலியில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் இருந்தது என்று அதில் இருக்கும். பத்து, பதினைந்து பசலியைப் புரட்டினால், சில புல எண்கள் சம்பாவில் அடிக்கடி தரிசாகவே கிடந்திருப்பது தெரியும். அந்தக் காலத்து விவசாயி காரணமில்லாமல் தரிசு போடமாட்டார். 'அ' பதிவேட்டில் "ஏரி உள்வாய்", "வாய்க்கால் புறம்போக்கு" என்று பக்கத்து எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது அங்கே மனைப்பிரிவு வந்திருக்கலாம். தண்ணீர் பழைய பதிவேட்டைத்தான் பார்க்கும்.

மிச்சம் எல்லாம் ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் சரியாக வராது. ஞாபகக் கொக்கி வைத்துக் கேளுங்கள். அவசரநிலைக் காலமா என்றால் 1976. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது வந்த பெருமழை என்றால் 1985 ஆக இருக்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் வந்த அதிசய வெள்ளம் என்றால் 1996. சுனாமிக்கு அடுத்த தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் 2005. பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அடுப்படியில் தண்ணீர் வந்ததா, நெல் குதிரை எந்த ஆண்டு இடம் மாற்றினார்கள், மாடு எங்கே கட்டினார்கள் என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

கேட்டதை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, தண்ணீர் வந்த நேரம், வந்த திசை, உயரம், எத்தனை நாள் நின்றது, அப்போது பயிருக்கு எத்தனை நாள் வயது. உயரத்தை "முழங்கால் அளவு", "இடுப்பளவு" என்று சொல்வார்கள். அதைக் கிணற்றுக் கைப்பிடிச் சுவர், கல்வெர்ட்டு, கோயில் படி என்று நகராத ஒன்றோடு ஒப்பிட்டு அடியாக மாற்றிக்கொள்ளுங்கள். பயிருக்கு உயரத்தைவிட நாள்தான் முக்கியம். இரண்டு அடித் தண்ணீர் ஒரே நாளில் வடிந்தால் தூர்கட்டிய நெல் எழுந்துவிடும். ஒரு அடித் தண்ணீர் கத்தரி, தக்காளியில் இரண்டு நாள் நின்றால் போதும், வேர் அழுகி வாடிவிடும். மல்லித் தோட்டமும் அப்படித்தான், செடி உடனே சாகாது, மாதம் கழித்துக் காயும்.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். கூவம் ஓரத்தில் உங்களுக்கு ஒரு ஏக்கர் தாழ்ந்த நிலம். 1995 முதல் 2024 வரை 30 ஆண்டில் 5 முறை பயிர் முழுவதும் போனது. ஆண்டு எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, வெள்ளம் வந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 31-ஐ 5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6. ஆறு ஆண்டுக்கு ஒரு முறை.

இதை வைத்து "போன வருஷம் வந்துவிட்டது, இனி ஆறு வருஷம் பயமில்லை" என்று நினைப்பதுதான் எங்கும் நடக்கும் பெரிய தவறு. ஆறு ஆண்டுக்கு ஒரு முறை என்றால் ஒவ்வொரு ஆண்டும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் பொருள். தாயக்கட்டையில் போன முறை தாயம் விழுந்தால் அடுத்த முறை விழக்கூடாது என்று விதி உண்டா? மூன்று ஆண்டுக் குத்தகை எடுத்தால், அந்த மூன்றில் ஒரு முறையாவது பயிர் போக 42 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அரசு அறிக்கைகளில் வரும் "நூறு ஆண்டு வெள்ளம்" என்பதும் இதே போலத்தான். ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு. முப்பது ஆண்டில் ஒரு முறையாவது வர 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று.

இப்போது அதே ஐந்து வெள்ளத்தையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 1995 முதல் 2014 வரை 20 ஆண்டில் 2 முறை, 2015 முதல் 2024 வரை 10 ஆண்டில் 3 முறை என்று இருந்தால்? முதல் பகுதியில் பத்து ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டாம் பகுதியில் நான்கு ஆண்டுக்குள் ஒரு முறை. குத்தகையில் அந்த 42 சதவீதம் 62 ஆகிவிடும். எண் குறைவாக இருப்பதால் இதைக் கல்லில் எழுதிய கணக்காக எடுக்கக் கூடாது. மூன்று முறை என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் நம் வட்டாரத்தில் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாத காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன.

வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர் நீளத்துக்கு மேடாகப் போகிறது. மேற்கிலிருந்து கிழக்கே இறங்கும் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கும் அந்த மேட்டில், பாலமும் கல்வெர்ட்டும் இருக்கிற இடத்தில் மட்டும்தான் வழி. சாலைக்கு மேற்கே உள்ள நிலத்தில் தண்ணீர் முன்பைவிட அதிக நாள் நிற்கலாம். கல்வெர்ட்டுக்கு நேர் கீழே உள்ள நிலத்தில் முன்பைவிட வேகமாக அடிக்கலாம். நெல் வயலாக இருந்த இடத்தில் வரப்பு மழையைப் பிடித்து வைத்தது. இப்போது அங்கே கான்கிரீட். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏறக்குறைய 40,000 லிட்டர். மிக்ஜாம் புயலில் பெய்தது போல 25 சென்டிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு 10 லட்சம் லிட்டர். பத்து ஏக்கர் வயல் மனையானால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வரப்பில் தங்காமல் அன்றே கீழ்வயலுக்கு வரும்.

அதனால் என் ஆலோசனை இது. ஊரின் பெரிய மாற்றம் எந்த ஆண்டு நடந்தது என்று நோட்டில் ஒரு கோடு போடுங்கள். சாலை போட்ட ஆண்டு, மனைப்பிரிவு வந்த ஆண்டு, ஏரிக்கரையை உயர்த்திய ஆண்டு, ஆற்றுக்கரை கட்டிய ஆண்டு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் உள்ள வெள்ளங்களுக்கு அதிக எடை கொடுங்கள். முன்னால் உள்ளவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், அவை மழை எவ்வளவு பெய்ய முடியும் என்பதைக் காட்டுகின்றன. தண்ணீர் எங்கே போகும் என்பதைக் கோட்டுக்குப் பின்னால் உள்ளவை காட்டுகின்றன. கோடு நல்ல பக்கமாகவும் மாறலாம். கால்வாய் தூர்வாரி, கலங்கல் சரிசெய்து வெள்ளம் குறைந்த ஊர்களும் உண்டு. தூர்வாரியது எத்தனை ஆண்டு தாங்கும் என்பது வேறு விஷயம்.

வயலில் என்ன செய்வது?

மேலே சொன்ன பெருவெள்ளங்களில் பெரும்பாலானவை அக்டோபர் கடைசி வாரத்துக்கும் டிசம்பர் முதல் வாரத்துக்கும் நடுவே வந்தவை. இந்த ஆறு வாரத்தில் உங்கள் பயிர் எந்த வயதில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆகஸ்டில் விதைத்த சம்பா அப்போது தண்டு உருண்டு கதிர் வாங்கும் நேரம். பூக்கும் நேரத்தில் மூழ்கினால் பதர்தான். செப்டம்பர் கடைசியில் நட்டது இளம்பயிர், முழுதாக மூழ்கினால் சாதா ரகம் ஒரு வாரத்தில் அழுகிவிடும். சி.ஆர். 1009 சப் 1 ரகம் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கியிருந்தாலும் மீண்டு வரும், ஆனால் அது 155 நாள் பயிர். இந்தத் தாங்கும் சக்தி இலைப்பருவத்தில்தான், பூக்கும்போது மூழ்கினால் அந்த ரகமும் தப்பாது. தாழ்ந்த நிலத்துக்கு எது ஒத்துவரும், விதை கிடைக்குமா என்று திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு ஆண்டுக்குள் ஒரு முறை போகிற நிலத்தில் ரகம் மாற்றுவதைவிடப் பருவம் மாற்றுவதே மேல் என்பது என் கருத்து. அந்த நிலத்தைச் சம்பாவில் விட்டுவிட்டு, தண்ணீர் வடிந்ததும் டிசம்பர் கடைசி, ஜனவரியில் குறுகிய கால நெல்லை நவரையாகப் போடுங்கள். வெள்ளம் போன பிறகு கிணறு நிறைய இருக்கும். சொர்ணவாரியும் நவரையும் போட்டு நடுவில் ஆறு வாரத்தை வெள்ளத்துக்கு விட்டுக்கொடுப்பது நஷ்டம் போலத் தோன்றும். ஏக்கருக்கு 30,000 ரூபாய் செலவு என்று வையுங்கள். ஆறு ஆண்டுக்கு ஒரு முறை முழுதும் போனால், ஆண்டுக்கு 5,000 ரூபாய் வெள்ளத்துக்குக் குத்தகை கட்டுகிறீர்கள். நான்கு ஆண்டுக்குள் ஒரு முறை என்றால் அது 8,000 ரூபாய்க்கு மேல். உங்கள் சம்பா லாபத்தில் இதைக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் போடுங்கள். மேட்டு நிலத்துக்கு இந்தக் கவலை வேண்டாம், அங்கே வழக்கம்போல் சம்பா.

மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டியை நோட்டில் உள்ள மிக உயர்ந்த கோட்டுக்கு ஒரு அடி மேலே வையுங்கள். இதற்குச் சராசரி பார்க்கக் கூடாது. பயிர் போனால் அடுத்த பருவம் உண்டு, மின்சாரப் பெட்டி மூழ்கினால் ஆள் போகலாம்.

காப்பீடும் நிவாரணமும்

பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். ஆனால் இழப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை. வருவாய்க் கிராமத்தில் சில வயல்களில் பயிர் அறுவடைச் சோதனை செய்து, அந்தச் சராசரியைக் கடந்த ஏழு ஆண்டில் சிறந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். கிராமத்தில் முக்கால் பங்கு மேட்டு நிலமாக இருந்து, ஆற்றோரம் கால் பங்கு மட்டும் மூழ்கினால், கிராமச் சராசரி பெரிதாக விழாது. உங்களுக்கு எதுவும் வராமல் போகலாம். காப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை, 2015 போல ஊரே மூழ்கும் ஆண்டுக்கு அது வேண்டும். ஆற்றோர நிலக்காரர் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது என்கிறேன். சம்பாவுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். உங்கள் பகுதிக்கு எது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் இப்போதே கேளுங்கள்.

அரசு நிவாரணம் வேறு. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல் உள்ளிட்ட பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 13,500-லிருந்து 17,000 ரூபாயாகத் தமிழக அரசு உயர்த்தியது. இதற்குப் புல எண் வாரியாகக் கணக்கெடுப்பு நடக்கும். அடங்கலில் பயிர் ஏறியிருக்க வேண்டும். இங்கேதான் குத்தகைக்காரர் மாட்டிக்கொள்கிறார். நம் வட்டாரத்தில் நிலத்தை மனைக்காக வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் நிறைய. பயிர் செய்பவர் வாய்ப்பேச்சில் எடுத்தவர். வெள்ளம் வந்தால் பணம் பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போகும், நஷ்டம் உழுதவருக்கு. விதைத்த உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்குங்கள், வயலில் நின்று தேதி தெரிய ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். குத்தகை பேசும்போது வெள்ள நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஆறு ஆண்டுக்கு ஒரு முறை மூழ்கும் நிலத்துக்கும் மேட்டு நிலத்துக்கும் ஒரே குத்தகை கேட்பவரிடம் பேசுவதற்கு அது ஒரு பிடி.

மாவட்ட நிர்வாகம் ஒவ்வொரு ஆண்டும் பருவமழைக்கு முன் பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளின் பட்டியல் தயாரிக்கிறது. அதில் இருப்பவை குடியிருப்புகள். வயல் பெரும்பாலும் இருக்காது. கிராமசபைக் கூட்டத்தில் உங்கள் நோட்டின் நகலைக் கொடுத்து, எந்தப் புல எண்கள் எந்தெந்த ஆண்டு மூழ்கின என்பதைத் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள். ஒரு நகலை நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கும் அனுப்புங்கள்.

இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டியவை: தினமும் செம்பரம்பாக்கம், பூண்டி நீர்மட்டம். செம்பரம்பாக்கம் 21 அடியைத் தாண்டினால் அடையாற்றுப் பக்கம் உள்ளவர்கள் மாட்டையும் மோட்டாரையும் நகர்த்தத் தயாராக இருங்கள். கிருஷ்ணாபுரம் அணை திறப்பு என்ற செய்தி வந்தால் கொசஸ்தலையாற்றுப் பக்கம் உள்ளவர்களுக்கு அது முதல் மணி. 2021 நவம்பரில் பூண்டியிலிருந்து வினாடிக்கு 25,000 கன அடிக்கு மேல் வந்தது நினைவிருக்கும். கேசாவரம் அணைக்கட்டில் நீர் பெருகினால் கூவம் பக்கத்துக்கு முதல் மணி. கைப்பேசியில் டி.என். அலர்ட் செயலியைப் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. தண்ணீர் வடிந்த அன்றே, சேறு காயும் முன், கொட்டகைச் சுவரில் கோட்டின்மேல் பெயிண்டால் தேதியோடு ஒரு குறி போட்டுவிடுங்கள்.